விளக்கு ஏன் தொய்ந்து போகிறது, டீச்சர்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிவப்புத் தாளைப் பற்றியவை. 2026 பிப்ரவரி 17 சீனப் பெருநாள், அதாவது சீனப் புத்தாண்டு, குதிரை ஆண்டு பிறக்கிறது, பாலர் பள்ளிகளில் எல்லாம் "வீட்டிலிருந்து ஓர் அலங்காரம் செய்து கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகளோடு பசையும் கையுமாகக் கிடந்தவள் நான், அதனால் மற்ற கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். சமையல் குறிப்பு கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: என் மகளுக்கு 5 வயது. சிவப்புத் தாளை மடித்து, வெட்டி, சுருட்டித் தங்லுங் விளக்கு செய்தோம். மாட்டிய அரை மணி நேரத்தில் இடுப்பொடிந்த மாதிரி தொய்ந்துவிட்டது. அவளுடைய தோழி செய்தது மட்டும் நன்றாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கே தப்பு, டீச்சர்?
– ஒரு வாசகி, கிள்ளான்

ப: உள்ளே ஒன்றும் இல்லை, அதுதான் தப்பு. தோழியின் விளக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், ஒரு மஞ்சள் குழாயோ தங்கநிறக் குழாயோ இருக்கும். அழகுக்கு வைத்தது என்று நினைத்து நிறைய பேர் அதை விட்டுவிடுகிறார்கள். விளக்கைத் தூக்கி நிறுத்துவதே அந்தக் குழாய்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஏ4 தாள் ஒன்று எடுங்கள், போட்டோகாப்பித் தாளைவிடக் கொஞ்சம் தடித்ததாக இருக்கட்டும். நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்புக்கு எதிர்ப்பக்கம், அதாவது திறந்த ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இதுதான் நிறுத்தக்கோடு. மகளிடம் "கத்தரிக்கோல் கார் இங்கே பிரேக் போடணும்" என்று சொல்லுங்கள், கேட்பாள். வெட்டு எப்போதும் மடிப்புப் பக்கத்திலிருந்து தொடங்கி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் ஒன்றரையிலிருந்து 2 சென்டிமீட்டர் இடைவெளி. மெல்லிசாக வெட்டினால் அழகாக இருக்கும் என்று நாம் அரை சென்டிமீட்டருக்குப் போய்விடுகிறோம், நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது நூடுல்ஸ் மாதிரி தொங்கிவிடும்.

இப்போது குழாய். அதே நீளம், ஆனால் உயரம் 16 சென்டிமீட்டர் மட்டும் வருகிற மாதிரி தங்கநிறத் தாளை வெட்டிச் சுருட்டி ஒட்டுங்கள். வெட்டிய சிவப்புத் தாளை விரித்து இந்தக் குழாயைச் சுற்றிப் போர்த்தி, மேல் விளிம்பைக் குழாயின் மேல் விளிம்போடு சேர்த்து ஒட்டுங்கள். சிவப்புத் தாளின் உயரம் 21 சென்டிமீட்டர், குழாயோ 16. மிச்சம் 5 சென்டிமீட்டர் கீழே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கீழ் விளிம்பை மெதுவாக மேலே தள்ளிக் குழாயின் அடியோடு ஒட்டும்போது, போக்கிடம் இல்லாத அந்த 5 சென்டிமீட்டரும் வெளிப்பக்கமாகப் புடைக்கும். விளக்கின் தொப்பை வருவது அங்கேதான். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிற கணமும் அதுதான், அதனால் அந்த ஒரு வேலையை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள்.

ஸ்டேப்ளர் உங்கள் கையில் இருக்கட்டும். சில பிள்ளைகள் மடிப்புப் பக்கத்தை விட்டுத் திறந்த பக்கத்திலிருந்து வெட்டிவிடும், விரித்தால் இரண்டு ஓரமும் சீப்பு மாதிரி நிற்கும். அழ விடாதீர்கள், அதை இறுக்கிச் சுருட்டினால் குஞ்சம். வேறொரு விளக்கின் அடியில் ஒட்டிவிடலாம். இன்னொன்று, விளக்கு ஒன்று செய்தால் போதாது, இரண்டு செய்யுங்கள். பெருநாள் விளக்கு ஜோடியாகத்தான் தொங்கும்.

கே: யூடியூப் பார்த்து என் 8 வயது மகன் சிவப்புத் தாளில் ஒரு சீன எழுத்தை வெட்டினான். பிரமாதமாக வந்தது. வாசல் கதவில் ஒட்டினோம். எதிர்வீட்டு ஆன்டி பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார். என்ன வெட்டித் தொலைத்தான் என்று தெரியவில்லை!
– ஒரு தந்தை, பட்டர்வொர்த்

ப: ஒரே மாதிரியான இரண்டு எழுத்துகள் தோளோடு தோள் உரசி நிற்கிற மாதிரி இருக்கிறதா? அப்படியானால் அது "இரட்டை மகிழ்ச்சி". கல்யாண வீட்டு எழுத்து. மணமக்கள் அறைக் கதவு, கண்ணாடி, தேநீர்க் கோப்பை, அழைப்பிதழ் எல்லாவற்றிலும் இருக்கும். உங்கள் வீட்டு வாசலில் அதைப் பார்த்தால் ஆன்டி வேறென்ன கேட்பார்?

பையன் மேல் தப்பில்லை. அந்த எழுத்து இடமும் வலமும் அச்சாக ஒன்று, மடித்து வெட்டச் சௌகரியம், அதனால் தாள் வெட்டும் வீடியோக்களில் அது அடிக்கடி வரும். கெட்ட எழுத்தும் இல்லை, கல்யாணம் நல்ல காரியம்தானே. எடுத்துப் பத்திரமாக வையுங்கள், தெரிந்த சீனக் குடும்பத்தில் கல்யாணம் வந்தால் அன்பளிப்பு உறையின் மேல் ஒட்டிக் கொடுக்கலாம். ஆன்டி இன்னும் நான்கு பேரிடம் சொல்லிச் சிரிப்பார், அதுவும் நல்லதுதான்.

இந்த அலங்காரத்தில் முக்கால்வாசி சொல் விளையாட்டு. மீனைத் தொங்கவிடுவது மீன் மேல் உள்ள ஆசையால் இல்லை. மாண்டரினில் மீனுக்கும் "மிச்சம்" என்பதற்கும் ஒரே உச்சரிப்பு, "யூ". வருஷக் கடைசியில் கையில் ஏதாவது மிச்சம் இருக்கட்டும் என்று அர்த்தம். உங்கள் பினாங்குப் பக்கம் வாசலில் அன்னாசி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுவழக்கில் அன்னாசி "ஓங் லாய்", காதில் "வளம் வருது" என்று விழும். அதனால் எதை வெட்டுவதானாலும் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நடை எதிர்வீட்டுக்குப் போய், "ஆன்டி, இது என்ன சொல்லுது?" என்று கேட்டுவிடுங்கள், பையனையே கேட்கச் சொல்லுங்கள். வீடியோவில் வராத விஷயமெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் வரும், கூடவே ஒரு டப்பா அன்னாசிப் பலகாரமும் வந்தாலும் வரும்.

கே: பெருநாள் அன்று காலையில் பிள்ளைகளை உட்காரவைத்து வெட்டி ஒட்டலாமா? அன்றுதான் எனக்கு லீவு.
– ஒரு வாசகி, ஈப்போ

ப: வேண்டாம். முதல் நாளில் கத்தி, கத்தரிக்கோல் எடுக்கக் கூடாது, பெருக்கக் கூடாது என்பது சீனக் குடும்பங்களில் பழைய வழக்கம். வந்த அதிர்ஷ்டத்தை வெட்டிவிடுவதும் கூட்டித் தள்ளிவிடுவதும் மாதிரி ஆகிவிடுமாம். நம் வீட்டில் விளக்கு வைத்த பிறகு பாட்டி பெருக்க விடமாட்டாரே, அந்தக் கதைதான். உங்கள் வீட்டுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பீர்கள், சரி, ஆனால் அந்தப் பண்டிகைக்காகவே செய்கிற பொருளை அந்தப் பண்டிகையின் கணக்கிலேயே செய்துவிட்டுப் போகலாமே. ஞாயிற்றுக்கிழமை 15ஆம் தேதிக்குள் வெட்டு வேலையை முடித்துவிடுங்கள். ஒட்டுவது, மாட்டுவது 16ஆம் தேதி மாலை.

கே: வார இறுதி வகுப்பில் 7, 8 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குத் தாள் வெட்டும் கலை சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டுவிட்டேன். வீட்டில் செய்து பார்த்தால் விரிக்கும்போது துண்டு துண்டாக உதிர்கிறது. எதிலிருந்து தொடங்குவது? பிள்ளைகளுக்குச் சொல்ல ஏதாவது கதையும் வேண்டும்.
– ஓர் ஆசிரியை, சிங்கப்பூர்

ப: "வசந்தம்" என்ற எழுத்திலிருந்து தொடங்குங்கள். மாண்டரினில் "சுன்". சீனாவில் இந்தப் பெருநாளுக்கே வசந்த விழா என்றுதான் பெயர், அதனால் அர்த்தம் பற்றிக் கவலை இல்லை. எழுத்தின் உருவம் இப்படி: மூன்று கிடைக்கோடுகள், அவற்றைக் கடந்து இரண்டு பக்கமும் கூரை போலச் சரிகிற இரண்டு கால்கள், கூரைக்கு அடியில் ஒரு பெட்டி, பெட்டிக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அந்தப் பெட்டிதான் சூரியன். பிள்ளைகளிடம் "கூரைக்குக் கீழே சூரியன்" என்று சொன்னால் மறக்காது.

15 சென்டிமீட்டர் சதுரத் தாளை இரண்டாக மடித்து, மடிப்போரத்தை முதுகாக வைத்துப் பாதி எழுத்தை மட்டும் வரையுங்கள். உங்களுக்கு உதிர்ந்ததற்குக் காரணம் அந்த முதுகுதான். மடிப்போரம் நெடுக அரை சென்டிமீட்டராவது வெட்டாமல் விட வேண்டும். மூன்று கோடுகளும் அதில்தான் தொங்குகின்றன, சூரியப் பெட்டியின் மேல்பக்கமும் அதில்தான் ஒட்டியிருக்க வேண்டும். பெட்டிக்குள் வரும் இரண்டு ஜன்னல்கள் மட்டும் விதிவிலக்கு, மடிப்பிலிருந்தே இரண்டு சின்னப் பள்ளங்களாக வெட்டிவிடலாம், கத்தியே தேவைப்படாது.

வெட்டும் வரிசையும் முக்கியம். உள்ளே இருப்பதை முதலில், வெளி ஓரத்தைக் கடைசியில். ஓரத்தை முதலில் வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளத் தாளே இருக்காது, பிள்ளையின் விரலுக்கும் ஆபத்து. அப்புறம் கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொல்லுங்கள். பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள், 7 வயதுப் பிள்ளை இரண்டாவது தாளில் பழகிவிடும். ஆளுக்கு மூன்று தாள் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள், முதல் தாள் வீணாகத்தான் போகும்.

கதை கேட்டீர்கள். சீனாவின் சின்ஜியாங்கில் துர்ஃபான் என்ற வறண்ட பகுதியில், அஸ்தானா என்ற இடத்துக் கல்லறைகளில், 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாள் வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. மழையே இல்லாத இடம், அதனால் காகிதம் மக்காமல் தங்கிவிட்டது. வட்டமாக மடித்து வெட்டியவை, அதில் ஒன்றில் ஜோடி ஜோடியாகக் குதிரைகள். இது குதிரை ஆண்டு வேறு, இதைவிட நல்ல கதை கிடைக்காது. பிள்ளைகள் செய்யப்போகிற மாதிரியே 1,400 வருஷத்துக்கும் முன்னால் ஒருவர் தாளை மடித்து வெட்டியிருக்கிறார்.

வட சீனக் கிராமங்களில் அந்தக் காலத்தில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மரச் சட்டத்தில் வெள்ளைத் தாள் ஒட்டுவார்கள். பெருநாளுக்குப் புதுத் தாள் மாற்றும்போது அதன்மேல் சிவப்பு வெட்டுகளை ஒட்டுவது வழக்கம், "ஜன்னல் பூ" என்று பெயர். போட்டோகாப்பி இல்லாத காலத்தில் ஒரு வடிவத்தைப் பிரதி எடுத்த விதம்தான் எனக்குப் பிடித்தது: வெட்டிய வடிவத்தை வெற்றுத் தாள்மேல் வைத்து ஈரமாக்கி ஒட்டவைத்து, எண்ணெய் விளக்குப் புகைக்கு மேலே காட்டுவார்கள். சுற்றிலும் கரி படியும், எடுத்துவிட்டால் வடிவம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதைப் பார்த்து அடுத்தவர் வெட்டுவார். (வகுப்பில் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள், புகை மணி அடித்துவிடும்.) ஷான்ஷி மாநிலத்தில் கு ஷூலான் என்று ஒரு விவசாயப் பாட்டி இருந்தார், 2004இல் காலமானார். வெட்டுவதோடு நிற்காமல் வண்ண வண்ணத் தாள்களைச் சின்னச் சின்னப் பொட்டுகளாக வெட்டி அடுக்கி ஒட்டிப் பெரிய பெரிய உருவங்கள் செய்தவர். கத்தரிக்கோல் சரியாகப் பிடிக்க வராத பிள்ளை எப்படியும் ஒன்றிரண்டு இருக்கும், அவர்களுக்கு இந்தப் பொட்டு ஒட்டும் வேலையைக் கொடுங்கள். சீனத் தாள் வெட்டுக் கலை 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டாலும் பெற்றோருக்குச் சொல்லி வையுங்கள், சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு அது போதும்!

கே: ஊதுபத்தி விற்கும் சீனக் கடையில் கட்டுக் கட்டாகத் தங்கநிறத் தாள் மலிவாகக் கிடைத்தது. நடுவில் தங்கச் சதுரம் பளபளவென்று இருக்கிறது. பிள்ளைகளின் விளக்குக்கு வாங்கிவந்துவிட்டேன். சிவப்போடு சேர்த்தால் எடுப்பாக இருக்கும் இல்லையா?
– ஒரு வாசகி, சிரம்பான்

ப: ஐயோ, வெட்டிவிட்டீர்களா? வெட்டவில்லை என்றால் நல்லது. பழுப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக, நடுவில் தங்க அல்லது வெள்ளிச் சதுரம் ஒட்டியிருந்தால் அது வழிபாட்டில் எரிக்கும் தாள். பொதுவாகத் தங்கம் தெய்வங்களுக்கு, வெள்ளி இறந்தவர்களுக்கு. அதில் விளக்கு செய்து வரவேற்பறையில் தொங்கவிடுவது, யாரோ நம் வீட்டுத் திவசச் சாமானை எடுத்துப் பிறந்தநாள் தோரணம் கட்டிய மாதிரி. ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் உள்ளே வந்த சீன விருந்தாளிக்கு உட்கார மனசு வராது. அந்தக் கட்டை அப்படியே தெரிந்த சீனக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு வேண்டியதுதான். தங்கத் தாள் வேண்டுமானால் எழுதுபொருள் கடைக்குப் போங்கள்.

உங்களைச் சொல்லி என்ன, நான் செய்ததைக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிது. சிவப்புத் தாள் தீர்ந்துபோயிற்று, அலமாரியில் வெள்ளைத் தாள் நிறைய இருந்தது, வெள்ளையில் நீலக் கோடு போட்டு அழகாக நான்கு விளக்கு செய்து பள்ளி வாசலிலேயே மாட்டிவிட்டேன். மறுநாள் காலை பேரனைக் கொண்டுவிட வந்த ஒரு சீனத் தாத்தா படியில் கால் வைத்தவர் மேலே பார்த்தார், பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளை விளக்கு துக்க வீட்டு வாசலில் தொங்குவது என்று எங்கள் தலைமை ஆசிரியை தனியே கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஒன்று கொடுக்கக் கூடாது, ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நல்லவேளையாக அப்போதே தெரிந்திருந்தது.

கே: சீன வீடுகளில் ஓர் எழுத்தைத் தலைகீழாக ஒட்டுகிறார்களே, தெரியாமலா செய்கிறார்கள்?
– ஒரு மாணவர், தைப்பிங்

ப: தெரிந்தேதான். அது "ஃபூ", அருள், நற்பேறு என்று வைத்துக்கொள்ளலாம். தலைகீழ் என்பதற்கும் வந்துவிட்டது என்பதற்கும் மாண்டரினில் ஒரே ஒலி, "தாவ்". பார்த்தவர் "ஃபூ தலைகீழா இருக்கே" என்று சொன்னாலே "ஃபூ வந்துவிட்டதே" என்று வாயால் வாழ்த்தின மாதிரி. ஆனால் வாசல் கதவில் பல குடும்பங்கள் நேராகவே ஒட்டும், கவிழ்த்து ஒட்டுவது வீட்டுக்குள், அரிசிப் பானை, அலமாரி மாதிரி இடங்களில். நீங்கள் செய்வதானால் சதுரத் தாளை முனை மேலே வருகிற மாதிரி வைரமாகத் திருப்பிக்கொண்டு எழுதுங்கள், தூரிகையும் கறுப்பு மையும் போதும்.

கதவின் இரு பக்கமும் ஒட்டும் நீளமான வாசகங்களையும் செய்து பார்க்க ஆசை என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுதான் கவனிக்க வேண்டும், கதவைப் பார்த்து நின்றால் முதல் அடி உங்கள் வலப்பக்கம், இரண்டாம் அடி இடப்பக்கம். நாம் இடமிருந்து வலம் படிக்கிறவர்கள், மாற்றித்தான் ஒட்டுவோம்.

கே: போன வருஷம் வங்கியிலும் பேரங்காடியிலும் கொடுத்த அங்பாவ் என்ற சிவப்புப் பண உறைகள் ஒரு பை நிறைய கிடக்கின்றன. போனது பாம்பு ஆண்டு, அதனால் எல்லாவற்றிலும் பாம்புப் படம். இந்த வருஷம் இதில் பணம் வைத்துக் கொடுக்க முடியாது, குப்பையில் போடவும் மனசில்லை.
– ஒரு வாசகி, ஜொகூர் பாரு

ப: போடாதீர்கள், அச்சும் தங்க ரேகையுமாக இவ்வளவு நல்ல தாள் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நீளமான உறைகளாகப் பார்த்து 8 எடுங்கள். ஒவ்வொன்றையும் படம் உள்ளே வருகிற மாதிரி நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள், சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். ஒரு புத்தகத்தின் பின் அட்டையோடு அடுத்த புத்தகத்தின் முன் அட்டையை ஒட்டுங்கள். இப்படியே எட்டையும் அடுக்கிவிட்டு, கடைசி ஒட்டலுக்கு முன்னால் முதுகுப் பக்கமாக ஒரு சிவப்புக் கயிற்றை வைத்து டேப் போட்டுவிடுங்கள். இப்போது முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் சேர்த்து ஒட்டினால் எட்டு இதழ் விரித்த நட்சத்திர விளக்கு கிடைக்கும். கீழே தொங்கும் கயிற்றில் பாசிமணியும் குஞ்சமும். 5 வயதுப் பிள்ளை மடிக்கும், 8 வயதுப் பிள்ளை ஒட்டும், நீங்கள் டீ குடிக்கலாம். நான்கு உறையில் செய்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். சீனத்தில் நான்கு என்ற சொல் சாவு என்பது போல ஒலிக்கும், சீனர்கள் ஒதுக்கும் எண். ஆறு அல்லது எட்டு வையுங்கள்.

கிழிந்த உறைகளை வட்ட வட்டமாக வெட்டி மணிலா அட்டை மீனுக்குச் செதில் ஒட்டலாம், வாலிலிருந்து தொடங்கித் தலைக்கு வர வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. பெரிய அன்னாசி செய்ய முப்பது நாற்பது உறை வேண்டும், சின்னப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது. கிள்ளான் வாசகிக்குச் சொன்ன விளக்கையே மஞ்சள் தாளில் செய்து தலையில் பச்சைத் தாளைக் கூர் கூராக வெட்டிச் செருகிவிட்டால் அதுவே அன்னாசிதான். பிள்ளை வாழ்த்து அட்டையும் செய்கிறதென்றால் பெயரைச் சிவப்பு மையில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது சீனர்களுக்கு ஆகாது. கறுப்பு அல்லது தங்கம்.

கே: ஹாங்காங்கில் இருக்கிறோம். பெருநாள் சமயத்தில் எங்கே பார்த்தாலும் காற்றாடி விற்கிறார்கள். மகள் தானே செய்ய வேண்டும் என்கிறாள். செய்தோம், சுற்றவே மாட்டேன் என்கிறது.
– ஒரு வாசகி, ஹாங்காங்

ப: ஷா தின் செ குங் கோயிலுக்குப் போயிருப்பீர்களே, புத்தாண்டின் 2ஆம், 3ஆம் நாட்களில் நிற்க இடம் இருக்காது. உள்ளே இருக்கும் உலோகக் காற்றாடியைச் சுற்றிவிட்டால் வருஷத்தின் அதிர்ஷ்டமும் திரும்பும் என்று நம்பிக்கை. வெளியே விற்கிற காகிதக் காற்றாடி எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். உங்களுடையது சுற்றாததற்கு ஊசியை இறுக்கியதுதான் காரணமாக இருக்கும். தாளுக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு பாசிமணி, தாளுக்கு முன்னால் ஒரு பாசிமணி கோத்து, ஊசி லொடலொடவென்று ஆடுகிற அளவுக்கு விடுங்கள். துளையையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

கே: பட்டாசுச் சரம் மாதிரி செய்து தொங்கவிடுகிறார்களே, வெடிக்காத பட்டாசு எதற்கு?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

ப: உங்கள் ஊரில் வெடிக்கக் கூடாது என்பதால்தான். 1970 பெருநாளில் பட்டாசு விபத்துகளில் 6 பேர் இறந்தார்கள், 1972இல் முழுத் தடை வந்தது. சரம் மட்டும் காகிதமாகச் சுவரில் தங்கிவிட்டது. ஏ4 தாளை நான்காக வெட்டி, தடித்த மார்க்கர் பேனாவில் சுருட்டி ஒட்டி உருவி எடுத்தால் ஒரு வெடி. இரண்டு முனையிலும் தங்க டேப். ஜோடி ஜோடியாகக் கயிற்றில் முடிந்துகொண்டே போங்கள். சுருட்டுவது மட்டும்தான் வேலை, அதனால் கத்தரிக்கோல் கொடுக்கப் பயப்படுகிற வயதுக்கு இதுதான் சரி.

கே: நாம் தமிழர்கள். கோலம் போடத் தெரியாத பிள்ளைகளுக்குச் சீன விளக்கு செய்யக் கற்றுக்கொடுப்பது தேவையா? பத்திரிகை இதை ஏன் ஊக்குவிக்கிறது?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

ப: கோலமும் கற்றுக்கொடுங்கள் ஐயா, தடுத்தது யார்? போன மாதம் பொங்கலுக்குக் குருத்தோலையில் தோரணம் பின்னினீர்களா, கடையில் பிளாஸ்டிக் மாவிலை வாங்கினீர்களா? கோபப்படாதீர்கள், நானும் ஒரு வருஷம் பிளாஸ்டிக்தான் வாங்கினேன். ஓலையை நடு ஈர்க்கு விடாமல் கீறி மடித்துச் செருகத் தெரிந்த விரலுக்கு இந்தத் தங்லுங் ஒன்றுமே இல்லை, கீறலை எங்கே நிறுத்துவது என்பதுதான் இரண்டிலும் சூட்சுமம். எங்கள் பள்ளியில் அந்த விளக்கை முதலில் புடைக்கவைத்தது, தாத்தாவோடு உட்கார்ந்து தோரணம் பின்னிப் பழகிய ஒரு தோட்டத்துப் பிள்ளைதான். தீபாவளிக்கு நாம் ஊதா உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறோமே, அது எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கே: செப்டம்பரில் வரும் நிலவு விழாவுக்குக் கண்ணாடித் தாள் விளக்கு செய்ய இப்போதே ஆசை. உள்ளே மெழுகுவத்தி வைக்கலாமா?
– ஒரு வாசகி, மலாக்கா

ப: நாங்கள் எல்லாம் கம்பிச் சுருளில் மெழுகுவத்தி செருகிய மீன் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனவர்கள், கொஞ்சம் சாய்த்தால் போதும், மீன் பொசுங்கிவிடும், அழுதுகொண்டே வீட்டுக்கு வருவோம். இப்போது பேட்டரி விளக்கு கிடைக்கிறது, அதை வையுங்கள். மெழுகுவத்திதான் வேண்டும் என்றால் பம்ளிமாஸ் தோலில் செய்யலாம். பழத்தின் தலையை வெட்டிச் சுளையை எடுத்துவிட்டு, தோலில் துளை துளையாகப் போட்டு, உள்ளே சின்ன வத்தி. தோல் ஈரமாக இருப்பதால் தாளைப் போல லேசில் பற்றாது, சூடு ஏற ஏற வாசனை வேறு வரும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கே: மாட்டிய அலங்காரத்தை எப்போது கழற்றுவது? மகன் விடமாட்டேன் என்கிறான்.
– ஒரு வாசகி, காஜாங்

ப: 15ஆம் நாள் வரை இருக்கட்டும், சாப் கோ மே, இந்த வருஷம் மார்ச் 3. கதவில் ஒட்டிய "ஃபூ"வை அடுத்த பெருநாள் சுத்தம் செய்யும்வரை விட்டுவைப்பவர்களும் உண்டு. விளக்கின் மேலும் கீழும் ஒட்டியதைப் பிரித்து உள்குழாயை உருவிவிட்டால் சப்பையாக மடிந்துவிடும், ஒரு பழைய கோப்புக்குள் வைத்து அடுத்த வருஷம் எடுக்கலாம்.

ஆனால் கழற்றுவதற்கு முன்னால் அந்த 15ஆம் நாள் இரவு ஒன்று செய்யுங்கள். சீனாவில் அதுதான் விளக்குத் திருவிழா. விளக்குக்குக் கீழே துண்டுத் தாளில் விடுகதை எழுதித் தொங்கவிட்டு, வருகிறவர்களை அவிழ்க்கச் சொல்வது அங்கே பழைய பழக்கம். விடுகதைக்கு நம்மிடம் பஞ்சமா? மகனுக்குத் தெரிந்த பத்து விடுகதையை எழுதச் சொல்லுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், ஒவ்வொரு விளக்கிலும் ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், தமிழ் தெரியாதவர்களுக்கு அவனே மலாயில் சொல்லட்டும். அவிழ்ப்பவருக்கு ஆரஞ்சு இரண்டு.